மாதிரிக்கு ஒரு கனவு

மைசூர்
3.3.1977

அன்புள்ள அக்காவுக்கு,

சாமிநாதன் எழுதுவது. நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன். மெஸ் சாம்பார் மட்டும்தான் சுகமில்லை. நீயும் பாவாவும் பத்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? பாவாவின் முழங்கால் வலி தேவலையா?

ஒரு முக்கியமான காரியம். வருகிற டிசம்பரில் பெங்களூரில் ஒரு மாநாடு நடக்கிறது. கனவுகளைப் பற்றி மட்டுமே பேசுகிற மாநாடு. சிரிக்காதே. மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கனவும் ஒரு பாடம்தான். அங்கே போய்ப் பேச வேண்டுமானால் முதலில் முன்மொழிவு அனுப்ப வேண்டும். என்ன பேசப்போகிறேன் என்று முந்நூறு சொல்லில் சுருக்கி, யாராவது ஒருவர் கண்ட கனவை அவர் வாயால் சொன்னபடியே அதோடு சேர்த்து, டைப் அடித்து, ஏப்ரல் பாதிக்குள் அனுப்பியாக வேண்டும். டைப் அடிக்க ஆள் இருக்கிறது. எங்கள் கல்லூரி நூலகத்தில் தமயந்தி என்று ஒருவர், தானே அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் எடுத்திருக்கும் விஷயம் நம் திருத்தணிதான். சாமி கனவில் வந்து உத்தரவு கொடுத்தார் என்று சொல்லிக் காவடி எடுத்து வருகிறார்களே, அந்தக் கனவுகள். நம் நெசவுத் தெருவிலேயே அப்படிக் கண்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள். நீ போய்க் கேள், பத்மா எழுதட்டும். தாமதிக்காதே. எனக்கு இப்போதே இருப்புக்கொள்ளவில்லை.

பத்மா விஷயமாக நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் ஆசைப்படுகிறபடி ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பப் பாருங்கள்.

உன் தம்பி,
சாமிநாதன்

*

தணிகை வேலன் துணை

திருத்தணி
14.3.1977

அன்புள்ள தம்பிக்கு அக்கா கோமளவல்லியின் ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் சௌக்கியம், பாவாவின் முழங்காலைத் தவிர. வழக்கம்போல் நான் சொல்லச் சொல்லப் பத்மா எழுதுகிறாள். அச்செழுத்து என்றால் நானே கூட்டி வாசித்துவிடுவேன். உன் கோழிக்கிறுக்கல் எனக்கு எங்கே விளங்குகிறது?

நீ கேட்டபடி தெருவில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. காவடி எடுத்து முடிக்கிற வரைக்கும் கனவை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று உனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள், “உன் தம்பி எங்க கனவையெல்லாம் எடுத்துக்கினு போய் இன்னா பண்ணப் போறான், வித்துத் துன்னப் போறானா?” என்று கேட்டாள். அவளுக்குப் பதிலை நீயே சொல்லு.

என் கவலை வேறு. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறவர்கள் தங்கள் பிள்ளை தங்கவேலுக்குப் பத்மாவைக் கேட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்ணைப் பெற்ற உன் பாவாவுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு மனசில்லை. அவள் பிறந்த அன்றைக்கே தாய்மாமன் நீ இருக்கிறாய் என்று நினைத்தவள் நான். அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவளும் நான்தான். இன்னும் எத்தனை கடிதத்துக்கு வேலை நிரந்தரமாகவில்லை என்று எழுதுவாய்? பங்குனி முடிவதற்குள் வெற்றிலை மாற்ற வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை எழுது.

வெயில் ஏறிவிட்டது. மோர் வாங்கிக் குடி.

இப்படிக்கு,
கோமளவல்லி

*

மைசூர்
26.3.1977

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் அமளியில் உன் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது.

கனவு இல்லாமல் முன்மொழிவு அனுப்ப முடியாது. தமயந்தி மெஷினில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு “எங்கே உங்கள் கனவு?” என்று தினமும் கேட்கிறார். கன்னியம்மாளிடம் நான் விற்கப் போவதில்லை என்று சொல்.

ஒரு யோசனை செய்திருக்கிறேன். கீழே ஒரு கனவு எழுதியிருக்கிறேன். இது நான் கண்டதில்லை. யாரும் கண்டதில்லை. நானாக உட்கார்ந்து யோசித்து எழுதிய மாதிரி. மஞ்சள் துணி என்பது காவடிக்காரர்கள் கட்டிக்கொள்வது. தெருவில் இதைப் படித்துக் காட்டினால், ‘எனக்கும் இப்படித்தான் வந்தது’ என்று யாராவது வாயைத் திறப்பார்கள்.

“நான் மலைப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன். வெயில் இல்லை, ஆனால் கல் சுடுகிறது. பாதி வழியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து என் கையில் வைத்து, ‘இத்த எடுத்துக்கினு உங்க அக்கா வூட்டுக்குப் போ’ என்கிறார். துணி ஈரமாக இருக்கிறது. நான் இறங்கி ஓடுகிறேன். அக்கா வீட்டு வாசலில் விளக்கு எரிகிறது. விழித்துக்கொண்டேன்.”

ஏதாவது கிடைத்தால் உடனே தபாலில் போடு. மற்றதை நேரில் பேசலாம்.

உன் தம்பி,
சாமிநாதன்

*

தணிகை வேலன் துணை

திருத்தணி
4.4.1977

என் தம்பி சாமிநாதன் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் சௌக்கியம். இன்றைக்கு எங்களைவிடச் சௌக்கியமானவர்கள் இந்தத் தெருவில் இல்லை.

உன் கனவைப் படித்தபோது பத்மாவுக்கே குரல் தடுமாறியது. உன் பாவா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து “இன்னொருக்கா படி” என்றார். மறுபடி படித்தாள். கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மஞ்சள் துணி என்றால் என்ன என்று எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம். கல்யாணப் புடவை. அதை அக்கா வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போ என்று சாமியே அனுப்பினால் இதற்கு மேல் நான் யாரைக் கேட்க வேண்டும்?

அன்று சாயங்காலம்தான் ஆர்.கே.பேட்டைக்காரர்கள் வெற்றிலை மாற்ற வருவதாக இருந்தது. பஸ்ஸில் ஆள் அனுப்பி நிறுத்திவிட்டோம். அவர்களும் கோபிக்கவில்லை. உத்தரவு வந்த இடத்தில் யார் என்ன சொல்ல முடியும்? நான் மலைக்குப் போய், ஆவணியில் சாமி சந்நிதியிலேயே கல்யாணத்தை நடத்துவதாக வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். இனி நீ வேலை, நிரந்தரம் என்று பேசாதே. வந்த உத்தரவைத் தட்டினால் குடும்பத்துக்கு ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோமளவல்லி

இதை எழுதிய பத்மாவின் நமஸ்காரம்.

*

மைசூர்
16.4.1977

அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறும் இறங்கவில்லை, பாடமும் ஓடவில்லை. அதனால் நலம் விசாரிக்காமலேயே தொடங்குகிறேன், மன்னித்துக்கொள்.

நான் தெளிவாக எழுதியிருந்தேன். அது மாதிரி. நான் கண்ட கனவு இல்லை. எந்தக் கிழவரும் எனக்குத் துணி கொடுக்கவில்லை. கடிதத்தை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேள். பாவாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இத்தனை நாள் தள்ளிக்கொண்டே வந்தது என் தவறு. பத்மாவை நான் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அவளுக்குப் பல் முளைத்ததை முதலில் பார்த்தவன் நான். தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த குழந்தையை என்னால் வேறு விதமாக நினைக்க முடியவில்லை. தயவுசெய்து மலையில் வேண்டிக்கொண்டதை இப்போதே நிறுத்து.

இதில் இன்னொரு கூத்து. வேறு கனவு எதுவும் வராததால், கடைசி நாளில் அந்தக் கனவையே முன்மொழிவில் வைத்து அனுப்பிவிட்டேன். கண்டவர்: நெசவுக் குடும்பத்து ஆண், வயது முப்பது. தமயந்தி டைப் அடித்துக்கொண்டே “இது நிஜமாகவே உங்களுக்கு வந்ததா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

உடனே பதில் எழுது.

சாமிநாதன்

*

தணிகை வேலன் துணை

திருத்தணி
25.4.1977

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது. பல்வலியால் சாப்பிடவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு மனசே சரியில்லை. கிராம்பை நசுக்கி அந்த இடத்தில் வை. மெஸ்ஸில் சொல்லிக் கஞ்சி வைத்துத் தரச் சொல்.

கல்யாணம் உன் இஷ்டப்படி நடக்கட்டும் என்று நீ எழுதியதைக் கேட்டு உன் பாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்மாவுக்கான புடவையை அவரே தன் தறியில் போடுகிறார். வேறு ஒருவரையும் தொட விடமாட்டேன் என்கிறார்.

உன் மாநாட்டுக் காரியம் என்ன ஆயிற்று? கன்னியம்மாள் கேட்கச் சொன்னாள்.

கோமளவல்லி

*

மைசூர்
4.5.1977

பத்மாவுக்கு,

தபால்காரர் உன் கையில்தான் கொடுப்பார் என்று தெரியும், அதனால் உன் பெயருக்கே எழுதுகிறேன். அங்கே எல்லோரும் நலம்தானே? எனக்குப் பல்வலி இல்லை. இருந்ததும் இல்லை.

அக்காவிடம் நீ என்ன படித்துக் காட்டினாய்?

மாமா

*

திருத்தணி
15.5.1977

மாமாவுக்குப் பத்மா வணக்கத்தோடு எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்களுக்குப் பல்வலி இல்லாததில் சந்தோஷம்.

கோபிக்காதீர்கள் என்று எழுத மாட்டேன். கோபிக்க வேண்டியதுதான். மாதிரி என்று நீங்கள் எழுதியிருந்த வரிகளை நான் படிக்கவில்லை. கனவை மட்டும் படித்தேன். அடுத்த கடிதத்தில் எதையுமே வாய்விட்டுப் படிக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பல்வலி அப்படி வந்தது.

ஆர்.கே.பேட்டைக்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது அந்தப் பையனின் அம்மா என் கையை வாங்கி விரல்களை விரித்துப் பார்த்தாள். “நூல் அறுந்தா எவ்ளோ சீக்கிரம் முடிச்சிப் போடுவே?” என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் படிக்க வேண்டும் என்று நைனாவிடம் சொன்னேன். “அங்க போயி படிச்சிக்கோ” என்றார். அங்கே போனால் என்ன படிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதம் வந்தது வெற்றிலை மாற்றுகிற அன்றைக்கு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு “தம்பி இன்னா எழுதிகீறான், படி” என்கிறாள். என் கண் அந்த வரிகளைத் தாண்டிக் கீழே போய்விட்டது.

உங்களுக்கு என்னைக் கட்டிக்கொள்கிற எண்ணம் இல்லை என்று எனக்கு முன்பே தெரியும். எனக்கும் இல்லை. நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் டைப் அடிக்கிறவர் வந்துவிடுகிறாரே, அதை நான் எத்தனை முறை அம்மாவுக்குப் படிக்காமல் விட்டிருக்கிறேன் தெரியுமா? நீங்கள் எப்படியும் மறுப்பீர்கள், அதற்குள் எனக்குக் கொஞ்ச நாள் கிடைக்கும் என்று நினைத்தேன். அம்மா அன்றைக்கே மலையேறி வேண்டிக்கொள்வாள் என்று நினைக்கவில்லை.

ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் நேர்முகம். இடம் கிடைக்கிற வரைக்கும் பொறுங்கள் மாமா. இப்போது உண்மையைச் சொன்னால் மறுநாளே ஆர்.கே.பேட்டைக்கு ஆள் போகும்.

பத்மா

*

மைசூர்
24.6.1977

பத்மாவுக்கு,

நீ சுகமா? நேர்முகம் நன்றாக நடந்ததா? என் சுகத்தைக் கேட்காதே.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. பாதி எழுதிப் பாதி கிழித்தேன். உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. பொய்க் கனவை எழுதியவன் நான்தானே. நீ விட்டது மூன்று வரி.

மாநாட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. முன்மொழிவை ஏற்றுக்கொண்டார்கள். அதுவும் எப்படி? மற்றதையெல்லாம் சுருக்கிக்கொண்டு, அந்த மஞ்சள் துணிக் கனவை விரிவாகப் பேச வேண்டுமாம். அதில் இருக்கிற உண்மை மற்றவர்கள் அனுப்பியதில் இல்லையாம். துறைத் தலைவர் கூப்பிட்டுக் கை கொடுத்தார். தமயந்தி இனிப்பு வாங்கி வந்தார். அவரிடமும் நான் பொய் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கட்டும்.

அதே தபாலில் பாவா கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிய வாசகத்தை அனுப்பியிருக்கிறார். ‘திருத்தணிகேசன் கனவில் அருளிய உத்தரவின்படி’ என்று தொடங்குகிறது. அதை வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார முடியவில்லை.

ஆனி முடிவதற்குள் நீ அக்காவிடம் சொல்லிவிடு. இல்லையென்றால் நான் ரயிலேறி வந்து சொல்வேன். உன் பெயரை இழுக்க மாட்டேன். ஆர்.கே.பேட்டை விஷயத்தில் பாவாவிடம் நான் பேசுகிறேன்.

மாமா

*

திருத்தணி
14.7.1977

மாமாவுக்கு வணக்கம். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. கல்யாணமும் நின்றுவிட்டது.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். நைனா நூல் எடுக்க அரக்கோணம் போய் இரண்டு நாள் தங்கி, நேற்றுத்தான் திரும்பினார். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் அன்றைக்குத்தான் உங்களுக்கு வேட்டிக்குக் கரை போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். என் வாயில் வேறு வந்துவிட்டது. கிருத்திகை அன்று விடியற்காலையில் எனக்கும் ஒரு கனவு வந்தது என்றேன். மாமாவுக்கு வந்த அதே கிழவர். துணியைத் திருப்பிக் கேட்டார், ‘இது இந்த வூட்டுக்கு இல்ல’ என்றார் என்று சொன்னேன். கிருத்திகை என்று சொன்னால்தான் நைனா நம்புவார் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

நைனா நம்பிவிட்டார். “குடுத்தவரே திருப்பிக் கேட்டா நாம இன்னா பண்றது” என்றார். இரண்டு மாப்பிள்ளையையும் சாமி தள்ளிவிட்டதால் அவருக்கே பயம் வந்துவிட்டது. படிக்கப் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று தலையாட்டிவிட்டார்.

அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலையில் மலைக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தனியாகவே போய் வந்தாள். உங்களுக்குக் கடிதம் எழுதலாமா என்று கேட்டதற்கும் அப்புறம் ஆகட்டும் என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பத்மா

*

மைசூர்
22.7.1977

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பாவாவும் நலமாக இருக்க வேண்டும். நான் சுகம். பல்வலி தேவலை.

பத்மா எழுதியிருந்தாள். சாமியின் சித்தம் அப்படி இருக்கும்போது நாம் வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது? மனதில் வைத்துக்கொள்ளாதே. பாவாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

மாநாட்டுக்கு நான் போகவில்லை. முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிவிட்டேன். இங்கே வேலை அதிகம்.

உன்னிடம் இருந்து கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. இரண்டு வரி எழுதச் சொல்.

உன் தம்பி,
சாமிநாதன்

*

முருகா

திருத்தணி
ஆடி 17

தம்பி சாமிநாதனுக்கு அக்கா எழுதறது. நான் நல்லாகீறேன். உன் பாவாவும் நல்லாகீறாரு. நீ நல்லா இருக்கணும்.

இத நானே என் கையால எழுதறேன். மூணு நாளா எழுதிக்கினு கீறேன். பத்மாவுக்குத் தெரியாது. நானே போயி தபால் பெட்டியில போடுவேன். தப்பு இருந்தா சிரிக்காத.

பத்மா கிருத்திகை விடியக்காலைல கனவு வந்திச்சின்னு சொன்னா. அன்னிக்கு கோழி கூவறதுக்கு முன்னயே அவளும் நானும் தெருவுல தறிக்கான நூல் பாவு நீட்டி கஞ்சி போட்டுக்கினு இருந்தோம். கிருத்திகையில போடறதில்ல. ரெண்டு நாளா தூறல், அன்னிக்குத்தான் விட்டிருந்திச்சு, பாவு கெட்டுடும்னு போட்டோம். அந்தக் கோடியில அவ, இந்தக் கோடியில நான். சூரியன் வர வரைக்கும் அவ ஒக்காரக்கூட இல்ல. உன் பாவா ஊர்ல இல்ல, அவருக்குத் தெரியாது. அவளுக்கு அவசரத்துல மறந்துபோச்சு. எனக்கு மறக்கல.

நான் அவள ஒண்ணும் கேக்கல. வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போறா. அதுக்கு நான் இன்னா பேயா பிசாசா. படிக்கட்டும். நல்லாப் படிக்கட்டும்.

மலையில போய் நின்னப்பதான் தோணிச்சு. அவளுது இப்படின்னா உன்னுது எப்படி?

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து மாசா மாசம் படி ஏறிக்கினு கீறேன். கன்னியம்மாளுக்குக் கனவுல வராரு. யார் யாருக்கோ வராரு. எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. வெளியில யார்கிட்டயும் சொன்னதில்ல, உன் பாவாகிட்டகூட. நம்மகிட்ட இன்னா கொறையோன்னு நெனச்சிக்குவேன். உன் கனவப் படிச்சிக் கேட்டப்ப, எனக்கு வராட்டி போவுது, என் தம்பிக்கு வந்தாரு, அக்கா வூட்டுக்குப் போன்னு சொன்னாருன்னு அவ்ளோ சந்தோஷம் எனக்கு. கல்யாணத்துக்காக இல்ல சாமிநாதா. என்னயும் அவருக்குத் தெரிஞ்சிருக்கேன்னுதான் அழுதேன்.

அது நெஜமா நீ பாத்ததா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.

லெட்டர் போடாத. நீ இன்னா எழுதினாலும் எனக்குப் படிச்சிக் காட்டப் போறது அவதான். ரயிலேறி வா. வந்து என் மூஞ்சப் பாத்து சொல்லு. ஆங்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. சோறு போடறேன், துன்னுட்டுப் போ.

உன் அக்கா
கோமளவல்லி